காக்கி நிழலுக்கு ஒன்றரை நட்சத்திரம்

ஜெரூஷா என்ன வேலை பார்க்கிறாள் என்று சேலையூரில் அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கே சரியாகத் தெரியாது. ஏதோ பேங்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். குரோம்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாலு மேஜை போட்ட ஆபீஸ் அது. கம்பெனிகள் தர்மம் செய்ய நினைக்கும்போது, அந்த தர்மம் போய்ச் சேரும் இடம் ஒழுங்கானதா என்று நேரில் பார்த்து, அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டுக்கொடுப்பது அவள் வேலை. நாலு வருஷத்தில் முதியோர் இல்லம், நாய்க் காப்பகம், ஏரியைத் தூர்வாராமலே தூர்வாரும் சங்கம் என்று முப்பதுக்கு மேல் பார்த்துவிட்டாள். எதற்கும் அசராத பெண் என்று ஆபீசில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயர் காக்கி நிழலோடு போயிற்று.

முழுப்பெயர் காக்கி நிழல் காவலர் குடும்ப நல அறக்கட்டளை. ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனி அதற்கு உதவ முடிவு செய்திருந்தது. விழா மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி. மேனேஜர் குமரேசன் ஃபைலை அவளிடம் கொடுத்துவிட்டு, தான் எந்த வகையிலும் தலையிடப்போவதில்லை என்றார். நாலுக்கு மேல் அவள் இஷ்டத்துக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றும் சொன்னார்.

மேற்குத் தாம்பரத்தில் அறக்கட்டளையின் வாசலிலேயே ஒரு ஜீப் நின்றது. முன்கண்ணாடியில் சிவப்பில் 'போலீஸ்' என்று முழங்கை நீளத்துக்கு எழுதி, அதன் அடியில் எறும்பு ஊர்வதுபோல 'குடும்ப நல அறக்கட்டளை' என்று போட்டிருந்தது. ஜெரூஷா கீழ்வரியைப் படிக்கக் குனிந்தபோது வாசலில் நின்ற ஒரு பெண் அவள் மேல் பன்னீர் தெளித்தாள். சந்தனக் கிண்ணத்தையும் நீட்டினாள். வேலை நேரத்தில் சந்தனம் வேண்டாம் என்று ஜெரூஷா சொல்ல, அந்தப் பெண் தாழ்ந்த குரலில், எடுத்துக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள் என்றாள்.

உள்ளே செயலாளர் சவுரிமுத்து பொன்னாடை போர்த்தினார். தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் பதிவு செய்யாமல் விடமாட்டார். பொன்னாடை போர்த்தியதற்கும் ஒரு நோட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போர்த்தியது சரியாக விழவில்லை என்று போட்டோகிராபர் ஆல்வின் சொன்னதால் கழற்றி இன்னொரு தடவை போர்த்தினார்கள். அறக்கட்டளையில் முழுநேரச் சம்பள ஆள் ஆல்வின் ஒருவர்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தலைவர் பொன்னுரங்கம் படப்பைக்காரர். அவருடைய அப்பா நெல் விளைத்த நிலத்தில் இவர் மனைகள் விளைத்தார். வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், பழுப்பு ஷூ, கையில் ஒரு சின்னப் பிரம்பு. போலீஸ் இல்லை. இருபத்திரண்டு வயதில் காவலர் தேர்வுக்குப் போய் நீளம் தாண்டுதலில் அரையடி குறைந்து திரும்பி வந்தவர். அன்றைக்கு விட்ட அரையடியை இன்றுவரை விதவிதமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு 'காவலர்களின் காவலர்' என்று ஒரு பட்டம் உண்டு. வழங்கியது அறக்கட்டளை.

தன்னைப் பற்றிய நாற்பத்து மூன்று படங்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தாங்கள் விளம்பரம் விரும்பாதவர்கள் என்று அவர் ஆரம்பித்தார். ஜெரூஷா ஏழாவது கேள்வியைக் கேட்டாள். இதுவரை எத்தனை காவலர் குடும்பங்கள் பயன்பெற்றன?

"ஒட்டுமொத்தக் காவல்துறையும்னு போடுங்க மேடம்" என்றார் பொன்னுரங்கம். "ஒருத்தர் ரெண்டு பேர்னு பிரிச்சுப் பார்க்கற பழக்கம் நம்மகிட்ட கிடையாது."

பெயர்ப் பட்டியல் இருந்தால் நல்லது என்றாள். சவுரிமுத்து தடிமனான ஒரு ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்கள். ஜல்லி வியாபாரிகள், திருமண மண்டபக்காரர்கள், தண்ணீர் லாரி முதலாளிகள், இரண்டு பல் டாக்டர்கள். இவர்கள் உறுப்பினர்கள். ஆளுக்கு ஓர் அடையாள அட்டையும், ஜீப்பில் இருந்தது போலவே கார் கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கரும் உண்டு. காவலர் குடும்பங்கள் எங்கே என்று அவள் கேட்டபோது அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மாற்றலாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் தலைமைக் காவலர் கதிரேசன். ஞாயிற்றுக்கிழமை குடும்ப தினத்துக்கு வந்தால் அவரையும் பார்க்கலாம், திட்டத்தின் வீச்சையும் பார்க்கலாம் என்றார் சவுரிமுத்து.

குடும்ப தினம் முடிச்சூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எழுபது காவலர்களையும் அவர்கள் மனைவி மக்களையும் அழைத்திருந்தார்கள். மூன்று முக்கிய விருந்தினர்கள் வருவதாக இருந்ததால் பாதுகாப்பு வேண்டும் என்று பொன்னுரங்கம் எழுதிக் கேட்டிருந்தார். பாதுகாப்புக்கு ஆள் வேண்டுமே என்று அந்த எழுபது பேருக்கும் அன்றைய விடுப்பை ரத்து செய்து, மண்டபத்தைச் சுற்றி நிறுத்திவிட்டார்கள். மனைவிமார் உள்ளே நாற்காலியில். கணவன்மார் வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம், வெயிலில். உள்ளே கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலங்களைச் சில பெண்கள் தடுப்புக்கு மேலே எட்டிக் கொடுத்தார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி குழந்தையின் கையைப் பிடித்து வெளியே ஆட்டிக் காட்டினாள். யாருக்கு ஆட்டுகிறாள் என்று ஜெரூஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் ஒரே சீருடையில் இருந்தார்கள்.

மேடையில் பொன்னுரங்கம் மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஒரு போலீஸ்காரன் பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்காமலே வளருது. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் குடும்ப தினம். இன்னிக்கு ஒரு நாளாவது எந்தக் காவலரும் டூட்டி பத்தி நினைக்கக்கூடாதுன்னு நான் உத்தரவே போட்டிருக்கேன்."

கைதட்டல் எழுந்தது. வாசலில் நின்ற ஒரு காவலர், விருந்தினரின் கார் வருவதாக வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சுக்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்று கால் ஓட்டம். அப்பாக்கள் பணியில் இருந்தபடியால் உறுப்பினர்கள் ஓடுவார்கள் என்று அறிவித்தார்கள். காவலர் பிள்ளைகளோடு ஜல்லி வியாபாரிகளும் பல் டாக்டர்களும் காலைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆல்வின் படுத்துக்கொண்டு படம் எடுத்தார். அந்த மண்டபத்துக்குள் நிஜமான ஒரு காவலர் அப்பாவும் இருந்தார். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது காலை விறைப்பாக நீட்டி இன்னொரு நாற்காலியின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சத்யபிரியா, எட்டு வயது மகள் ஓவியா. முட்டி உடைந்திருந்ததால்தான் கதிரேசனுக்கு அன்று குடும்பத்தோடு உட்காரக் கொடுத்துவைத்தது.

அவரை மேடைக்கு அழைத்தார்கள். மேடைக்கு ஏழு படிகள். வெளியே பந்தோபஸ்தில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொன்னார்கள். முக்கிய விருந்தினர் ஒரு கேடயம் கொடுத்தார். நாலு கிலோ இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு அதே நாலு பேரால் கீழே இறங்கினார். ஜெரூஷா போய் அறிமுகம் செய்துகொண்டு, அறக்கட்டளையிடமிருந்து இதுவரை என்னென்ன கிடைத்தது என்று கேட்டாள். கதிரேசன் யோசித்துப் பார்த்து, இது மூணாவது கேடயம் என்றார். அறக்கட்டளையிடம் தாங்கள் கேட்டது கேடயம் இல்லை என்று சத்யபிரியா மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஜெரூஷா அவர்கள் வீட்டுக்குப் போனாள். அறக்கட்டளைக்கு இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு. விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் பெருங்களத்தூர் பக்கம் வாகனச் சோதனையில் கார் மோதி கதிரேசனின் வலது முட்டி நொறுங்கியது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். தினமும் ஆள் வைத்துக் காலை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மடங்காவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வர அரை நாள் ஆனது. சத்யபிரியா வேலை பார்த்த மருந்துக்கடையில் அதற்குமேல் அனுமதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி காக்கி நிழலில் காவலர்களுக்கென்றே இலவச பிசியோதெரபி அறை இருப்பதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டு மனு போட்டார்கள். மனு திரும்பி வந்தது. மோதிய வாகனம் எது என்ற இடத்தில் கதிரேசன் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதித் தரும்படி பென்சிலால் குறித்திருந்தார்கள்.

அவர் என்ன எழுதியிருந்தார் என்று ஜெரூஷா கேட்டாள். கதிரேசன் வண்டி நம்பரைச் சொன்னார். பிறகு, கண்ணாடியில் போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கார் என்றார்.

"வேகமா வந்துச்சு மேடம். நான் பேரிகேடைப் புடிச்சுகினு நிக்கறேன். ஸ்டிக்கரைப் பார்த்ததும் யாரோ ஆபீசர்னு நெனச்சு கை தானா சல்யூட்டுக்குப் போயிருச்சு. பேரிகேடு உருண்டு அந்தாண்ட போயிருச்சு. அவன் நிக்கல. நான் சல்யூட் அடிச்சபடியே வுழுந்தேன்."

ஸ்டேஷன் டைரியிலும் அப்படியே எழுதியிருக்கிறார். டைரியில் ஒன்று, மனுவில் ஒன்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஒரு வரிதானே, மாற்றி எழுதினால் என்ன என்று சத்யபிரியா ஒருமுறை கேட்டிருக்கிறாள். இருபது வருஷமாக ஊரார் பொய்யை எல்லாம் எழுதி எழுதி அலுத்துப்போச்சு, சொந்தக் காலுக்காவது உண்மையை எழுதறேன் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபமா பெருமையா என்று ஜெரூஷாவுக்குப் புரியவில்லை. ஓவியா கேடயங்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி அவற்றுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஜெரூஷா பொன்னுரங்கத்திடம் நேராகவே கேட்டாள். அவர் கலங்கவில்லை. மோதியவர் தங்கள் ஆயுள் உறுப்பினர்தான் என்று ஒத்துக்கொண்டார்.

"ஆனா சம்பவம் நடந்த அன்னிக்கு அவர் அடையாள அட்டையைப் புதுப்பிக்கலை. அதனால அந்த நேரத்துல அவர் வெறும் பொதுமக்கள். பொதுமக்கள் பண்ற தப்புக்கு ஒரு அறக்கட்டளை எப்படிப் பொறுப்பாகும், சொல்லுங்க."

பிசியோதெரபி அறையைப் பார்க்கலாமா என்றாள். தாராளமாக என்று சவுரிமுத்து தரைத்தளத்துக்கு அழைத்துப் போனார். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்து வெற்றிலைக்காவி நிறத்துக்கு வந்துவிட்ட ரிப்பன். பதினாலு மாதமாகக் கட்டியே இருக்கிறது. திறக்க வருவதாக இருந்த முதல் அதிகாரி அந்த வாரமே மாற்றலாகிவிட்டார். இரண்டாமவர் ஓய்வுபெற்றார். மூன்றாமவர் தேதி கொடுத்தார், மாதம் கொடுக்கவில்லை. சுவரில் பதித்த கல்வெட்டில் இரண்டு பெயர்களை சிமெண்ட் பூசி அழித்திருந்தார்கள். மூன்றாவது பெயரை எச்சரிக்கையாகக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே கட்டில், கயிறும் கப்பியும், காலை மடக்கி நீட்டும் மிஷின் எல்லாம் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்தன. பக்கவாட்டில் இன்னொரு வாசல் தெரிந்தது. அது வழியாக நோயாளியை அழைத்துப் போகலாமே என்று ஜெரூஷா கேட்டாள்.

சவுரிமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பக்கவாசல் வழியா ஒரு ஆள் உள்ள போய்ட்டாருன்னாலே அறை திறந்தாச்சுன்னு அர்த்தம் மேடம். திறந்த அறையை அப்புறம் யாரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்றது?"

பிசியோதெரபிஸ்ட் என்று யாராவது இருக்கிறார்களா என்றாள். இருக்கிறார், அறையோடு சேர்த்தே நியமித்தாகிவிட்டது, வாரத்துக்கு மூன்று நாள் வந்து கையெழுத்துப் போடுகிறார் என்று சொல்லி அவர் கூப்பிட்டார். சந்தனக் கிண்ணத்தோடு டெபோரா வந்தாள். நாலரை வருஷம் படித்தவள். வேலை ஆரம்பிக்கும்வரை சும்மா இருக்கவேண்டாமே என்று பன்னீர் தெளிக்க விட்டிருந்தார்கள். மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி என்றாள் ஜெரூஷாவிடம், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

மறுநாள் பகல் முழுக்க ஜெரூஷா ஆபீசில் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளதை உள்ளபடி எழுதினால் அரை நட்சத்திரம் தேறும். அதை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவதுதான் முறை. கம்பெனி வேறு யாருக்காவது கொடுக்கும். ரிப்பன் கட்டியபடியே இருக்கும். கதிரேசனின் ஆறு மாதத்தில் மிச்சம் இருந்தது பன்னிரண்டு வாரம். டாக்டர் சொன்னதை அவள் தன் நோட்டில் குறித்துவைத்திருந்தாள். அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் படிவத்தின் கடைசியில், அறுபத்து நாலாவது கேள்விக்குக் கீழே, அதே எழுத்துருவில், அதே அளவில், அறுபத்து ஐந்து என்று ஒன்றைச் சேர்த்தாள்.

*அறக்கட்டளையின் முக்கிய வசதி ஒன்றைப் பயனாளி பயன்படுத்துவதைக் காட்டும் புகைப்படங்கள் பன்னிரண்டு வாரங்களுக்கு, நாள் ஒன்றுக்கு ஒன்று வீதம், தேதியுடன் இணைக்கப்பட வேண்டும். பயனாளி ஒரே நபராக இருக்க வேண்டும்.*

வாழ்க்கையில் அவள் செய்த முதல் பொய்க் காகிதம் அது. பிரிண்ட் எடுக்கும்போது பொத்தானை மூன்று தடவை அழுத்திவிட்டதில் இரண்டு பிரதி அதிகம் வந்துவிட்டது.

பொன்னுரங்கம் அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அறுபத்து நாலு கேள்வியிலும் காணாத மலர்ச்சி அவர் முகத்தில். இதுவரை வந்த மதிப்பீட்டாளர்கள் ரசீது, தணிக்கை என்று சில்லறைத்தனமாகவே கேட்டார்கள், ஓர் அறக்கட்டளையின் ஆன்மா எங்கே இருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். உடனே ஆல்வினைக் கூப்பிட்டார். தினம் ஒரு படம், பன்னிரண்டு வாரம், எண்பத்து நாலு படம். ஆல்வின் வெளிச்சம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சவுரிமுத்துதான் இடையில் புகுந்தார். அறை இன்னும் திறக்கவில்லை என்றார். பயனாளி என்று இருப்பது கதிரேசன் ஒருவர், அவருடைய ஃபைல் பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

"போட்டோவுக்கு எதுக்குய்யா ஃபைல்?" என்றார் பொன்னுரங்கம்.

திறப்பு விழாப் பிரச்சனையை சவுரிமுத்துவே தீர்த்துவைத்தார். தபால் துறை அவரை வீணாக வளர்க்கவில்லை. ரிப்பனை வெட்டினால்தான் திறப்பு, அவிழ்த்தால் திறப்பு ஆகாது. காலையில் அவிழ்ப்பது, வேலை முடிந்ததும் திரும்பக் கட்டுவது. இதற்கென்று ஒரு ரிஜிஸ்டர் போட்டார். அவிழ்த்த நேரம், கட்டிய நேரம், முடிச்சின் வகை. வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்த டெபோராவை இனித் தினமும் வரச் சொன்னார்.

முதல் நாள் கதிரேசனைக் கட்டிலில் படுக்கவைத்து, டெபோராவைக் காலைத் தொட்டபடி நிற்கச் சொல்லி, ஒரு படம் எடுத்துவிட்டு ஆல்வின் கிளம்பப் பார்த்தார். டெபோரா காலை விடவில்லை. படம் ஆடாமல் வரவேண்டுமென்றால் கால் சூடாக வேண்டும், அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். அதற்கும் புகைப்படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆல்வினுக்கு விளங்கவில்லை. ஆனால் நாலரை வருஷம் படித்தவள் சொல்கிறாள். உட்கார்ந்தார். தினமும் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், வலி தாங்காமல் கதிரேசன் எழ முயன்றபோது கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வாரத்திலிருந்து, நேற்றைவிட இன்று கோணம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நேற்றைய படத்தோடு ஒப்பிட்டு டெபோராவிடம் காட்ட ஆரம்பித்தார். பதினைந்து வருஷமாகப் பொன்னாடையைப் படம் எடுத்த மனிதர், முதல் முறையாக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் இருப்பதைப் பார்த்தார்.

எட்டாவது வாரம் ஒரு சோதனை வந்தது. கால் பாதி மடங்கிவிட்டதைப் பார்த்த பொன்னுரங்கத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பயனாளி குணமாகிவிட்டால் பயனாளி இல்லாமல் போய்விடுமே, மிச்சப் படங்களுக்கு என்ன செய்வது என்று ஜெரூஷாவுக்கு ஃபோன் செய்தார். கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் என்ன என்பது அவர் யோசனை. படிவத்தில் தொடர்ச்சி முக்கியம், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று ஜெரூஷா சொன்னாள். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

இதற்குள் சங்கதி வெளியே கசிந்தது. இடுப்பு பிடித்த ஒரு எஸ்.எஸ்.ஐ., தோள் இறங்கிய ஒரு பெண் காவலர், வெயிலில் நின்று நின்று நரம்பு சுருண்ட இரண்டு டிராஃபிக் காவலர்கள் பக்கவாசலில் வந்து நின்றார்கள். படிவத்துக்கு ஒரு நபர் போதும் என்று சவுரிமுத்து திருப்பி அனுப்பப் பார்த்தார். பின்னணியில் ஆட்கள் இருந்தால் படம் நிறைவாக இருக்கும் என்றார் ஆல்வின். டெபோரா சந்தனக் கிண்ணத்தில் தசைவலித் தைலம் ஊற்றிவைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வார முடிவில் எண்பத்து நாலு படங்களும் வந்து சேர்ந்தன. ஜெரூஷா அறிக்கையை எழுதினாள். ஸ்டிக்கரை எழுதினாள், சல்யூட்டை எழுதினாள், பென்சில் குறிப்பை எழுதினாள், எழுபது அப்பாக்களை வெளியே நிறுத்திய குடும்ப தினத்தை எழுதினாள். ஒன்றரை நட்சத்திரம் போட்டாள். அறைக்கு அரை, டெபோராவுக்கு அரை, போட்டோகிராபருக்கு அரை. பிறகு மேனேஜர் குமரேசனிடம் போய், அறுபத்து ஐந்தாவது கேள்வி தான் எழுதியது என்று ஒப்புக்கொண்டாள். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். இது வேலையை விட்டு அனுப்பவேண்டிய விஷயம் என்றார். ஆனால் அதற்கு முன்பே படங்கள் ஒரகடத்துக்குப் போய்விட்டன. ஒரு கால் நாளுக்கு நாள் மடங்கிக்கொண்டே வருவதை வரிசையாகப் பார்த்த கம்பெனிக்காரர்கள், இப்படி ஒரு கேள்வியை யோசித்த ஆபீசைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அறக்கட்டளைக்கு எதுவும் தருவதாக இல்லை, அந்த அறைக்கு மட்டும், அதுவும் டெபோராவின் பொறுப்பில் நடப்பதாக இருந்தால் உதவுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். குமரேசன் அறுபத்து ஐந்தாவது கேள்வியை எல்லாப் படிவங்களிலும் சேர்க்கச் சொன்னார். தானும் அதை ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஏரி தூர்வாரும் சங்கத்தில் இப்போது பீதி.

பொன்னுரங்கம் சண்டைக்கு வருவார் என்று ஜெரூஷா எதிர்பார்த்திருந்தாள். அவர் விழா எடுத்தார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அறக்கட்டளைவரை பிளெக்ஸ் வைத்தார். 'நட்சத்திர அந்தஸ்து பெற்ற காக்கி நிழல்' என்று கொட்டை எழுத்து. எத்தனை நட்சத்திரம் என்பது எறும்பு எழுத்து.

"டிபார்ட்மென்ட்ல எத்தனையோ பேர் முப்பத்தஞ்சு வருஷம் உழைச்சு, தோள்ல ஒரு நட்சத்திரம்கூட இல்லாம வீட்டுக்குப் போறாங்க" என்று அந்த மேடையில் அவர் பேசினார். "நமக்கு எடுத்த எடுப்புலயே ஒன்றரை. இதுக்கு நாம என்ன பண்ணிட்டோம்னு எனக்கே தெரியலை."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று, பந்தோபஸ்துக்கு நின்ற தலைமைக் காவலர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை பதினோரு மணிக்கு, குரோம்பேட்டை ஆபீஸ் வாசலில் சீருடையில் கதிரேசன் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று ஜெரூஷா பதறிப்போய்க் கேட்டாள். லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார். பயனாளி கருத்து என்று படிவத்தில் அரைப்பக்கம் காலியாக இருப்பதாக டெபோரா சொன்னாள், அதை எழுதிக் கொடுக்க வந்தேன் என்றார். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, இனித் தேவைப்படாது என்று அவள் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் பேனாவைக் கொடுத்தாள்.

அவருக்குத் தெரிந்தது ஒரே நடைதான். அரைப்பக்கம் போதாமல் இரண்டு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி, ஒரு மகளுடன் குடியிருந்து வருகிறேன். சம்பவத்தன்று பணியில் இருந்தபோது என் வலது முட்டியில் மோதிய வாகனத்தின் எண்ணை ஏற்கெனவே கொடுத்துள்ளேன், அதை மாற்ற விருப்பமில்லை, வழக்கு நடந்து வருகிறது. மேற்படி அறக்கட்டளையில் எனக்குக் கேடயம் மூன்று வழங்கினார்கள், அவற்றால் காலுக்குப் பலன் ஏதும் ஏற்படவில்லை. பின்னர் மேற்படி அறையில் எண்பத்து நான்கு நாள் என் காலை மடக்கினார்கள், மடங்கியது. மேற்படி அறை இன்னும் திறக்கப்படவில்லை என்று நிர்வாகத்தார் கூறுகிறார்கள். திறக்காத அறைக்குள் நான் எப்படிப் போனேன் என்பது எனக்குத் தெரியாது. இன்று காலை பத்து ஐம்பதுக்கு மேற்படி அலுவலகத்தின் படிகள் அறுபத்து ஆறையும் யாரும் பிடிக்காமல் ஏறி வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். படித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.*

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அதற்குக் கீழே பழக்கதோஷத்தில் 'சாட்சிகள்' என்று எழுதி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டு நிமிர்ந்தார். ஜெரூஷா முதல் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். இரண்டாவதுக்கு யார் என்று அவள் பார்த்தபோது, கதவுக்கு வெளியே, மருந்துக்கடை யூனிஃபார்ம் கோட்டோடு சத்யபிரியா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். விழுந்தால் பிடிக்கலாம் என்று இரண்டு படி பின்னாலேயே ஏறி வந்தவள். உள்ளே வந்து பேனாவை வாங்கினாள். பெயரை எழுதினாள். என்ன உறவு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, 'நேரில் கண்டவர்' என்று எழுதினாள்.